ஏழு சொற்கள்



மதமும் அரசும் எங்கே பிரிந்து நிற்க வேண்டும் என்னும் வழக்கிலே நாம் இன்று இந்தோனேசியாவைச் சாட்சிக் கூண்டிற்கு அழைக்கின்றோம்.

1945 ஜூன் 22 இல் வரையப்பட்ட ஜகார்த்தா சாசனத்திலே, முஸ்லிம்கள் ஷரீஅத்தைக் கைக்கொள்ளும் கடமை பற்றி ஏழு சொற்கள் இருந்தன. சுதந்திரப் பிரகடனத்தின் மறுநாளாகிய ஆகஸ்ட் 18 இல் அவை நீக்கப்பட்டன. கிழக்குத் தீவுகளின் கிறிஸ்தவர்கள் பிரிந்து போகக்கூடும் என்று அஞ்சிய ஹட்டா, இஸ்லாமியத் தலைவர்களிடமே பேசி அவர்களை இணங்கச் செய்தார். பெரும்பான்மையினர் தம் எண்ணிக்கைப் பலத்தைத் தாமே அடக்கிக்கொண்டனர். வரலாற்றிலே இத்தகைய செயல்கள் அதிகம் இல்லை!

அச்சொற்களை மீட்கும் முயற்சி 1959 இல் அரசியல் நிர்ணய சபையிலே தோற்றது. சுகர்ணோ சபையையே கலைத்துவிட்டார். சுகார்த்தோ வீழ்ந்து சனநாயகம் மீண்ட பின்னர், 2002 இல் மக்கள் ஆலோசனைப் பேரவையிலும் அது தோற்றது. நஹ்தத்துல் உலமா, முஹம்மதியா என்னும் இரு பெரும் இஸ்லாமிய இயக்கங்களும் அதனை ஆதரிக்கவில்லை. முஸ்லிம் மக்கள் கையில் வாக்குச் சீட்டைக் கொடுத்தால் மதவெறியே ஆளும் என்போர் இதற்கு என்ன விடை கூறுவர்?

எனினும், சட்டம் பயின்ற நாம் யாப்பின் முகவுரையோடு நின்றுவிட இயலாது; தண்டனைச் சட்டத்தையும் புரட்டிப் பார்த்தல் வேண்டும். 1965 ஆம் ஆண்டின் மத நிந்தனைச் சட்டம் செல்லும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2010 இல் தீர்ப்பளித்தது. அச்சட்டம் புகுத்திய பிரிவின் கீழேயே, ஜகார்த்தாவின் கிறிஸ்தவ ஆளுநர் பாசுக்கி, குர்ஆன் வசனமொன்றைப் பேச்சிலே குறிப்பிட்டமைக்காக 2017 இல் ஈராண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். மூதாதையர் நம்பிக்கைகளைப் பின்பற்றுவோரும் அடையாள அட்டையின் மதக் கட்டத்திலே தம் நம்பிக்கையைப் பதிவு செய்யலாம் என்று அந்நீதிமன்றமே அவ்வாண்டிலே தீர்த்தது. அதுவரை அவர்களுடைய அட்டையிலே அக்கட்டம் வெறுமையாகவே விடப்பட்டிருந்தது.