உறக்கத்தில் நிற்கும் மூச்சும் ஆராய்ச்சிப் படிவமும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டுவிட்டது. உணவு தயாராகிக்கொண்டிருக்கிறது. இடைப்பட்ட இந்த நேரத்தில் என்னைப் பேசப் பணித்துள்ளார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் குறட்டை. சிரிக்கிறீர்கள். நானும் முன்பு சிரித்தவன்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் மஃரிபுக்குப் பின் மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு சிறுவன் ஒரே வரியை நான்கைந்து முறை ஓதினான். நான் "அடுத்தது" என்று சொல்வதற்காகக் காத்திருந்திருக்கிறான். நானோ சுவரில் சாய்ந்து உறங்கிவிட்டிருந்தேன். எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் உடல் அடித்துப் போட்டாற்போல் இருக்கும். வயதின் சோர்வென்று நினைத்தேன். என் வீட்டார்தான் ஒருநாள் சொன்னார்: "உங்கள் குறட்டை எனக்குப் பழகிவிட்டது. அது திடீரென்று நிற்கிறதே, அப்போதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது."

அவர் கண்டறிந்ததையே மருத்துவரும் பின்னர் ஓர் இரவுப் பரிசோதனையில் கண்டறிந்தார். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுகிறது. காற்றிழந்த சைக்கிள் ட்யூப் ஒட்டிக்கொள்வதைப் போன்றது அது. பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றுவிடும். இரத்தத்தில் பிராணவாயு குறையும். மூளை பதறி நம்மை அரைகுறையாக எழுப்பும். காலையில் நமக்கு ஒன்றும் நினைவிராது. மணிக்கு 5 முதல் 15 முறைக்குள் நிகழ்ந்தால் லேசானது, 30 வரை நடுத்தரம், 30க்கு மேற்பட்டால் கடுமையானது என்று வகுத்திருக்கிறார்கள். என் கணக்கு 30ஐத் தாண்டியிருந்தது.

இதற்கு ஒரு காலத்தில் தொண்டையில் துளையிடுவதே பெரும் சிகிச்சையாக இருந்தது. 1980ஆம் ஆண்டில் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்னும் மருத்துவர், மூக்கின் வழியே சிறு அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தி அந்த ட்யூபை விரித்து வைக்கும் முறையைச் செய்து பார்த்தார். துளைக்கு இசையாத ஒரு நோயாளி, ஓர் இரவு மட்டும் இதை அணிந்து பார்க்க ஒப்புக்கொண்டார். மறு ஆண்டே ஐந்து நோயாளிகளின் அனுபவம் லான்செட் இதழில் வெளியாயிற்று. இன்று என் தலைமாட்டில் இருக்கும் சிபேப் கருவியின் தொடக்கம் அதுதான். அணிந்த முதல் வாரம் யானைத் துதிக்கையுடன் படுத்திருப்பதாக என் பிள்ளைகள் கேலி செய்தார்கள்.

என் கதை ஊரில் பரவியபின் நம் சகோதரர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஹஸ்ரத், பெரிய ஆஸ்பத்திரிகளில் இந்த நோய்க்கு ஆராய்ச்சி நடத்துகிறார்களாம். நம்மைக் கூப்பிட்டால் போகலாமா? பரிசோதனை எலி ஆக்கிவிட மாட்டார்களா?" இன்றைய பேச்சு முழுவதும் அந்தக் கேள்விக்கான பதிலே.

அவருடைய அச்சம் ஆதாரமற்றது அன்று. 2009ஆம் ஆண்டில் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் சிறுமிகளுக்குத் தடுப்பூசி போட்டு ஓர் ஆய்வு நடந்தது. விடுதிகளில் தங்கிப் படித்த பிள்ளைகள் பலருக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டார்கள் என்பது பின்னர் வெளிவந்தது. 2010இல் அது நிறுத்தப்பட்டது. பாராளுமன்றக் குழு 2013இல் அதைக் கடுமையாகக் கண்டித்தது. ஒருவரின் சம்மதத்தை இன்னொருவர் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இனி, நம் நோயைப் பற்றிய ஓர் ஆய்வைப் பாருங்கள். அதன் பெயர் சேவ். ஆஸ்திரேலிய மருத்துவர்கள் தலைமையில் ஏழு நாடுகளில் 89 மையங்களில் நடைபெற்றது. அந்நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. 45 முதல் 75 வயதுக்குட்பட்ட, ஏற்கெனவே இருதய நோயோ மூளை இரத்தக்குழாய் நோயோ கண்டு, உறக்க மூச்சுத்தடையும் உள்ள 2,717 பேர் 2008 முதல் 2013 வரை சேர்க்கப்பட்டார்கள். கேள்வி ஒன்றே: சிபேப் கருவி அணிந்தால் மாரடைப்பும் பக்கவாதமும் குறையுமா?

சேர்வதற்கு முன் ஒரு வாரம் போலிக் கருவியைக் கொடுத்தார்கள். இரவில் சராசரி மூன்று மணி நேரமாவது அணியக்கூடியவரா என்று பார்ப்பதற்காக. பின்னர் சீட்டுக் குலுக்குவதைப் போல ஒரு பாதியினருக்குக் கருவியும் வழக்கமான வைத்தியமும், மறு பாதியினருக்கு வழக்கமான வைத்தியம் மட்டும் என்று பிரித்தார்கள். யாருக்கு எது என்பதை நோயாளியும் தேர்ந்தெடுக்க முடியாது, மருத்துவரும் தேர்ந்தெடுக்க முடியாது. ஆய்வில் சேர்வதென்றால் கட்டாயம் கருவி கிடைக்கும் என்று எண்ணுவோர் இதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

முடிவு 2016இல் வெளிவந்தது. கருவி பெற்றோரில் நூற்றுக்கு 17 பேருக்கும், பெறாதோரில் ஏறத்தாழ 15 பேருக்கும் இருதய, மூளைப் பாதிப்புகள் நேர்ந்தன. அந்தச் சிறு வேறுபாடு தற்செயலானதாகவும் இருக்கலாம். ஆக, அந்த நோயாளிகளிடத்தில் மாரடைப்பைக் கருவி தடுத்ததாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் பகல் தூக்கம் குறைந்தது, மனச்சோர்வு தணிந்தது, வேலைக்குச் செல்ல முடியாத நாட்கள் குறைந்தன.

இன்னொரு செய்தியும் அதில் உண்டு. கருவி பெற்றவர்கள் இரவில் அதை அணிந்திருந்தது சராசரியாக 3.3 மணி நேரமே. இரவு முழுவதும் அணிந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்குமோ என்று மருத்துவ உலகம் இன்றும் விவாதிக்கிறது. கருவிக்குள் மணிக்கணக்கு பதிவாகிவிடுகிறது. அதனால்தான் இந்த உண்மை தெரிந்தது. மற்ற ஆய்வுகளில் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டு "சாப்பிட்டேன்" என்று சொல்பவர் உண்டு. அவர் ஏமாற்றுவது மருத்துவரை மட்டுமன்று. அந்தப் பதிலை நம்பி நாளை மருந்து உண்ணப்போகும் முகம் தெரியாதவரையும் அவர் ஏமாற்றுகிறார். ஆய்வில் சேர்ந்தவர் தரும் தகவல் ஓர் அமானத்.

இங்கே நம் ஓட்டுநர்களிடம் ஒரு வார்த்தை. சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் இரவில் கடக்கும் பிள்ளைகள் நம் ஜமாஅத்தில் இருக்கிறார்கள். பகலில் கடுமையாகத் தூங்கி வழிபவர்களையும், தூக்கத்தால் விபத்துக்குள்ளாகும் ஆபத்துள்ளவர்களையும் சேவ் ஆய்வில் சேர்க்கவில்லை. கருவியில்லாத பாதியில் அவர்களை வைத்துப் பார்ப்பது அறமாகாது என்பதே காரணம். ஆகவே ஸ்டியரிங் பிடிக்கும்போது கண் சொருகுகிறதென்றால் ஆய்வைத் தேட வேண்டாம், சிகிச்சையைத் தேடுங்கள். கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது, முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நுரையீரல் பிரிவில் போய்க் கேளுங்கள்.

மற்றவர்களை யாரேனும் ஆய்வுக்கு அழைத்தால் மறுக்கவும் வேண்டாம், உடனே கையெழுத்திடவும் வேண்டாம். படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி வீட்டிற்குக் கொண்டுவந்து படியுங்கள். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அந்த ஆய்வு பதிவாகியுள்ளதா என்று கேளுங்கள். அந்தப் பதிவேடு 2007இல் தொடங்கியது, 2009 முதல் மருந்துச் சோதனைகளுக்குப் பதிவு கட்டாயம். எனக்குக் கருவி கிடைக்காத பாதி வாய்த்தால் ஆய்வு முடிந்தபின் கிடைக்குமா? ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு? இவற்றுக்கான பதில் வாய்மொழியாக இருந்தால் போதாது, எழுத்தில் இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகியதற்காக வழக்கமான வைத்தியத்தை நிறுத்த யாருக்கும் உரிமை இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வுக் குழுவைச் சாராத ஒரு சாட்சியின் முன்னிலையில் படித்துக் காட்ட வேண்டும்.

அந்தச் சாட்சியாக வர எவரும் கிடைக்காவிட்டால் நான் வருகிறேன். படிவம் புரியாதவர்கள் அஸருக்குப் பின் பள்ளிக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து படிப்போம். போன வாரம் ஜும்ஆவில் மூன்றாவது ஸஃப்பில் தூண் ஓரமாக அமர்ந்து, உரை தொடங்கியது முதல் முடியும்வரை குறட்டை விட்ட லாரி ஓட்டுநர் சகோதரர், சாப்பிட்டவுடன் கிளம்பிவிடாமல் என்னைப் பார்த்துவிட்டுப் போகவும்.