எஞ்சினுள் படியும் கரி



கார்த்திகைத் தீபத்தன்று, 2,668 அடி உயரமுள்ள அண்ணாமலையின் உச்சியில் கொப்பரை நிறைய நெய் எரிவதைக் கண்டிருப்பீர்கள். அத்தீபத்தின் மை, ஆருத்ரா தரிசனத்தின்போது நடராஜப் பெருமானுக்குச் சாத்தப்பட்டுப் பின்னர் பிரசாதமாக வழங்கப்படுகிறது. முற்றும் எரியாமல் எஞ்சிய கரியே அந்த மை. மலைமேல் நாம் போற்றும் கரி, மோட்டார் எஞ்சினுக்குள் காற்றுச் செல்லும் வழியில் படிந்தாலோ நோயாகிவிடுகிறது.

சென்ற ஆண்டு என் பழைய கார், நிறுத்தத்தில் நிற்கும்போதெல்லாம் துடித்து அணைந்துவிடும். நானே காற்றுக் குழாயைக் கழற்றினேன். உள்ளே கரி படிந்திருந்தது. கத்தியால் சுரண்டினேன், தகடு கீறுபட்டதே கண்ட பலன். பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவர் அதைப் பார்த்து, “ஐயா, விடை எழுதுமுன் வினாவைப் படி என்று தாங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்?” என்றார். வெட்கினேன்.

வினா இதுதான்: தூய காற்றுச் செல்லும் வழியில் கரி எங்ஙனம் வந்தது? எரிந்த வாயுவில் ஒரு சிறுபகுதி, பிஸ்டனின் ஓரமாகக் கசிந்து, எண்ணெய் நிறைந்த அடிப்பகுதிக்குள் இறங்குகிறது. முற்காலத்தில் அப்புகையை வெளியே விட்டுவிடுவர். நகரங்களின் காற்று நஞ்சாவதைக் கண்டு, 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், அதை மீண்டும் எஞ்சினுக்கே திருப்பி எரிக்கும்படி செய்தது. பிற நாடுகளும் அம்முறையைக் கைக்கொண்டன. அப்புகையோடு வரும் எண்ணெய் ஆவியே, சூடான வால்வுகளில் ஒட்டிக் கரியாக இறுகுகிறது. கார்புரேட்டர் உள்ள வண்டிகளில் உள்ளே செல்லும் பெட்ரோலே வால்வைக் கழுவிவிடும். எரியறைக்குள் நேரே பெட்ரோலைப் பீய்ச்சும் புதுவகை எஞ்சின்களில் அக்கழுவுதல் இல்லை. ஆகவே அவற்றில் கரி மிகுதி.

வீட்டில் நாம் செய்யத்தக்கது சிறிதே. எஞ்சின் நன்கு ஆறியபின், திறந்த வெளியில், நெருப்பு அருகில் இல்லாதபடி, கையுறையும் கண்ணாடியும் அணிந்து தொடங்க வேண்டும். காற்று வடிகட்டியிலிருந்து வரும் குழாயைக் கழற்றினால், திராட்டில் எனப்படும் வட்டத் தகடு தெரியும். அதற்கென விற்கும் திரவத்தை மெல்லிய துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். மின்சாரத்தால் இயங்கும் தகட்டை விரலால் அழுத்தித் திறத்தல் ஆகாது. அதற்கு அப்பால் உள்ள வால்வுகளைப் பட்டறைக்கு விடுவதே அறிவுடைமை. அங்கே வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றுடன் வீசிக் கரியை உதிர்க்கும் முறையும் உண்டு.

“புகை திரும்பும் குழாயையே பிடுங்கிவிடுங்கள், எஞ்சின் தூய்மையாக இருக்கும்” என்று நண்பர் ஒருவர் எனக்கு யோசனை கூறினார். என் எஞ்சின் தூய்மையாகும். கிரிவலப் பாதையில் வெறுங்காலுடன் நடப்போர் அப்புகையைச் சுவாசிப்பர். நம் வீட்டுக் குப்பையைத் தெருவில் கொட்டுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? நான் குழாயைப் பிடுங்கவில்லை. ஆண்டுக்கொருமுறை துணியும் கையுமாக அமர்ந்து துடைக்கிறேன். பிறர்மேல் படியாதபடி நம்மிடமே வைத்துக்கொண்ட அழுக்கைத் துடைப்பது, இழிவான வேலை அன்று.