உழைப்பின் விலையை நாமே உரைப்போம்



நம் முன்னோர் ஊருக்கு வெட்டிவேலை செய்தனர். களத்துமேட்டில் அளந்து போட்டதையே கூலியெனக் கொண்டனர். தம் உழைப்பின் விலையைக் கூறும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு வெட்டிவேலையைத் தடை செய்தது. ஆயினும், விலை கூறக் கூசும் நா இன்னும் நம்மிடம் எஞ்சி நிற்கிறது.

இன்று நம் பட்டதாரிகள் சிலர் உள்ளடக்கத் திட்டமிடல் என்னும் பணியைத் தனித்து ஏற்றுச் செய்கின்றனர். ஒரு நிறுவனம் தன் இணையதளத்தில் எதனை, யாருக்காக, எம்முறையில் எழுத வேண்டும் என்று ஆராய்ந்து வகுத்துத் தருவதே இப்பணியாகும். கட்டணம் யாதென வினவினால், “பார்த்துக் கொடுங்கள்” என்கிறோம். அது களத்துமேட்டுச் சொல்லன்றோ?

கணக்கிட்டுப் பார்ப்போம். மாதம் 40,000 ரூபாய் தேவைப்படுவோர், அதனை 30ஆல் வகுத்து நாளொன்றுக்கு 1,333 ரூபாய் கேட்பது பிழையாகும். குடும்பச் செலவு ஆண்டுக்கு 4,80,000 ரூபாய். கணினி, இணைய இணைப்பு, காப்பீடு, வரி, சேமிப்பு ஆகியவற்றிற்கு 1,20,000 ரூபாய் எனக் கொள்வோம். ஆக மொத்தம் 6,00,000 ரூபாய். 365 நாள்களில் வார ஓய்வு 104, பண்டிகையும் நோயும் 21 போக, 240 நாள்களே எஞ்சும். அவற்றுள் பாதி, வேலை தேடுவதிலும் புதியன கற்பதிலும் கழியும். ஊதியம் ஈட்டும் நாள்கள் 120 மட்டுமே. எனவே நாளொன்றுக்கு 5,000 ரூபாய். பத்து நாள் பணிக்கு 50,000 ரூபாய் கேட்டல் வேண்டும்.

குறைக்குமாறு கேட்பாராயின், நாள்கூலியைக் குறைக்காது வேலையின் அளவைக் குறைப்போம். முன்பணம் எவ்வளவு, திருத்தம் எத்தனை முறை என்பவற்றை எழுத்தில் பெறுவோம். குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்வோம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்றோருக்கு 45 நாள்களுக்குள் பணம் தருதல் வேண்டும். தவறினால் வட்டியும் உண்டு.

1907இல் அயோத்திதாசப் பண்டிதர் தம் இதழுக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ எனப் பெயரிட்டு, விலையைப் பெயரிலேயே பொறித்தார். சிறு விலைதான்; ஆயினும் அதனை வகுத்தவர் அவரே. நம் சங்கத்தின் மாலைப் பள்ளிக்கு நாம் ஊதியமின்றி எழுதித் தருவோம், அது கொடை. நம்மைக் கேளாது பிறர் குறைத்துக் கொள்வது வெட்டி. இவ்வேறுபாட்டை உணர்ந்து, நிமிர்ந்து நின்று விலை கூறுவோமாக.