பின்னால் இன்னொரு ஆடு

(‘வேலை பார்க்கும் இடத்தில் மனிதனை நிற்க வைப்பது சம்பளமே! சக மனிதரே!’ என்ற தலைப்பில் ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில் நடந்த பட்டிமன்றத்தில், ‘சக மனிதரே’ அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசின எதிரணி அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். “முப்பதாம் தேதி சம்பளம் வரலைன்னா, முப்பத்தொண்ணாம் தேதி நீங்க வேலைக்குப் போவீங்களா?” நீங்களெல்லாம் கைதட்டினீங்க. நானும்தான் தட்டினேன். நல்ல கேள்வி. ஆனா அண்ணன்கிட்ட நான் ஒண்ணு கேட்கணும். பட்டிமன்றப் பேச்சாளருக்குக் கொடுக்கிற கவர் எவ்வளவு கனமா இருக்கும்னு நடுவருக்குத் தெரியும். (சிரிப்பு) அந்தக் கவருக்காகவா போளூரிலிருந்து இத்தனை வளைவு ஏறி வந்தீங்க? ஒவ்வொரு வளைவிலும் எங்க அணித் தோள்மேலதானே சாய்ஞ்சு தூங்கினீங்க? (சிரிப்பு, கைதட்டல்)

வள்ளுவரை எதிரணி இழுத்தாங்க. பொருட்பால்னு ஒரு பாலையே அவர் எழுதியிருக்கார்னாங்க. சரி, எண்ணிப் பார்ப்போம். பொருளைச் சேர்க்கிற வழிக்கு ‘பொருள் செயல்வகை’ன்னு ஒரு அதிகாரம். ‘நன்றியில் செல்வம்’னு இன்னொண்ணு. அதுல பணத்தைப் பூட்டி வைக்கிறவனுக்குத் திட்டு! அதே பொருட்பாலில் நட்புக்கு எத்தனை? நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு. அஞ்சு. பொருட்பாலிலேயே நாங்கதான் ஜெயிக்கிறோம் நடுவர் அவர்களே! (கைதட்டல்)

இது கணக்கு விளையாட்டுன்னு எதிரணி சொல்லலாம். அதனால ஒரு தொழிலை எடுத்துக்கிட்டுப் பேசுறேன். விளையாட்டு தயாரிக்கிற தொழில். கிரிக்கெட் மட்டையைச் சொல்லலை. வீட்டுக்குள்ள நாலு பேர் சுத்தி உட்கார்ந்து ஆடுறோமே, அட்டை, காய், தாயக்கட்டை, சீட்டு, அந்த விளையாட்டு. இதையும் புத்தகம் மாதிரி ஒருத்தர் எழுதணும், ஒருத்தர் படம் போடணும், ஒருத்தர் அச்சடிக்கணும், ஒருத்தர் விற்கணும்.

ரொம்பத் தூரம் போக வேண்டாம். இந்த மலையை விட்டு இறங்கி வேலூரைத் தாண்டினா இராணிப்பேட்டை. எம்.ஆர்.எஃப். குழுமம் 1987-ல் தொடங்கின ஃபன்ஸ்கூல் நிறுவனத்துக்கு அங்கே தொழிற்சாலை இருக்கு. சென்னையில் வினிதா சித்தார்த்தா அம்மா 2002-ல் ‘கிரீடா’ன்னு ஒண்ணு தொடங்கினாங்க. பல்லாங்குழி, ஆடுபுலி, பரமபதம், தாயம் எல்லாத்தையும் மறுபடி பெட்டியில் போட்டுக் கடைக்குக் கொண்டு வந்தாங்க. இந்த மாதிரி வேலையில ஒரு சங்கடம் பாருங்க. விதிமுறை எந்த அலுவலக ஃபைலிலும் கிடையாது. பாட்டிமார்கிட்டத்தான் போய்க் கேட்கணும். ஒரு பாட்டி ஒரு மாதிரி சொல்லும், அடுத்த தெருப் பாட்டி “அது தப்பாட்டம்”னு சொல்லும். (சிரிப்பு) அந்த ரெண்டு பாட்டிக்கும் சம்பளப் பட்டியலில் பேர் உண்டா? அவங்க இல்லாம அந்தத் தொழில் உண்டா?

பல்லாங்குழிக்குக் காய் எங்கிருந்து வந்தது? புளி தட்டுகிற காலத்தில் திண்ணைக்குத் திண்ணை பெண்கள் கூடி உட்கார்ந்து கொட்டை எடுப்பாங்க. வேலை முடிஞ்சா கொட்டை மிஞ்சும். மிஞ்சின கொட்டையில ஆட்டம். தாய்மார்களே, தனியா உட்கார்ந்து ஒரு கூடை புளி தட்டிப் பாருங்க, முதுகு ஒடிஞ்சுடும். நாலு பேர் பேசிக்கிட்டே தட்டினா நாலு கூடை போனது தெரியாது. கூலி ரெண்டுக்கும் ஒண்ணுதான்!

இந்த விளையாட்டு தயாரிக்கிற இடத்துல இன்னொரு விசேஷம். ஆட்டத்தை யோசிச்சவர் தனியா முடிக்கவே முடியாது. அட்டையில கோடு போட்டு, காகிதத்தை வெட்டி, நாலு பேரைக் கூப்பிட்டு ஆட வைக்கணும். அவர் வாயை மூடிக்கிட்டுப் பக்கத்துல நிக்கணும். கணக்குப் பார்க்கிறவர் வந்து ஆடுவார், மூட்டை கட்டுகிற பையன் வந்து ஆடுவான். அந்தப் பையன் பாதியில கொட்டாவி விட்டான்னா ஆட்டம் தேறலைன்னு அர்த்தம். முதலாளியே யோசிச்ச ஆட்டமா இருந்தாலும் திருத்தித்தான் ஆகணும்! நம்ம அலுவலகத்துல மேலதிகாரி பேசும்போது கொட்டாவி விட முடியுமா? நான் பேசும்போதே நடுவர் அடக்கி அடக்கி வைக்கிறார். (சிரிப்பு)

அமெரிக்காவில் ரிச்சர்ட் கார்ஃபீல்டுன்னு ஒரு கணித மாணவர். முனைவர் பட்டத்துக்குப் படிச்சுக்கிட்டிருந்த நாளில் ஒரு சீட்டாட்டத்தை உருவாக்கினார். ‘மேஜிக்’னு பேர். அதை முதல்ல ஆடிப் பார்த்துத் திருத்தினது யாரு? பல்கலைக்கழக நண்பர்கள். வெளியிட்டது பீட்டர் அட்கிசன் 1990-ல் தன் வீட்டு நிலவறையில் ஆரம்பிச்ச ‘விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்’. ஆட்டம் 1993-ல் வெளிவந்தது. ஆறே வருஷத்துல, 1999-ல், ஹாஸ்ப்ரோங்கிற பெரிய பொம்மைக் கம்பெனி அந்த நிறுவனத்தையே விலைக்கு வாங்கினது.

லண்டனில் 1975-ல் மூணு நண்பர்கள் சேர்ந்து ‘கேம்ஸ் வொர்க்‌ஷாப்’ ஆரம்பிச்சாங்க. ஒருத்தர் கொஞ்ச நாளில் விலகிட்டார். மிச்சம் இயான் லிவிங்ஸ்டன், ஸ்டீவ் ஜாக்சன். வீடு விற்று வாங்கிக் கொடுக்கிற ஒரு தரகர் கடைக்குப் பின்னால சின்ன அறைதான் அலுவலகம். வாடகை கொடுத்தா சாப்பாட்டுக்குக் காசில்லை. அதனால அலுவலக வாசலில் ஒரு வேனை நிறுத்திட்டு மூணு மாசம் போல அதுலயே தூங்கினாங்க. குளிக்க? பக்கத்துல ஒரு ஸ்குவாஷ் கிளப்பில் உறுப்பினரா சேர்ந்தாங்க. பந்தாட இல்லை, காலையில குளியலறையைத் திறப்பாங்களேன்னு! (பலத்த சிரிப்பு) எதிரணி அண்ணே, எந்தச் சம்பளம் இவங்களை அந்த வேனில் மூணு மாசம் படுக்க வச்சது? ஒருத்தர் தனியா இருந்திருந்தா மூணாம் நாளே அம்மா வீட்டுக்குப் போயிருப்பார். பக்கத்துல இன்னொருத்தர் குறட்டை விட்டார் பாருங்க, அதுதான் நிறுத்தி வச்சது.

இப்ப எதிரணி அம்மா சொன்ன ஒரு கருத்துக்கு வர்றேன். இன்னைக்கு இந்த மேடையில சொன்னதிலேயே கனமானது அதுதான். “நாம எல்லாரும் ஒரு குடும்பம்னு சொல்றவன்தான் சம்பளத்தைக் குறைப்பான்”னாங்க. உண்மை அம்மா. மறுக்க மாட்டேன். பிடிச்ச வேலைன்னு தெரிஞ்சா குறைச்சுக் கொடுப்பான். “உனக்குத்தான் விளையாட்டு உயிராச்சே, சனிக்கிழமையும் வா”ம்பான். இந்த விளையாட்டுத் தொழிலில் அது ரொம்ப உண்டு. 2023 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு ரெண்டு வாரம் முன்னால, ஹாஸ்ப்ரோ 1,100 பேரைக் குறைக்கப் போறதா அறிவிச்சது. மேஜிக் சீட்டு நல்லாச் சம்பாதிச்சுக் கொடுத்துக்கிட்டிருந்த அந்தப் பிரிவில் இருந்தவங்களுக்கும் வேலை போச்சு. குடும்பம்னு சொன்னவர்கள் பண்டிகைக்கு முன்னால பிள்ளையை வாசலில் நிறுத்துவாங்களா?

ஆனா அம்மா, இதிலிருந்து நீங்க எடுத்த முடிவு எனக்குச் சரியாப் படலை. முதலாளி வாயால் சொல்கிற ‘குடும்பம்’ வேற. பக்கத்து மேஜைக்காரன் வேற. நான் பேச வந்தது பக்கத்து மேஜைக்காரனைப் பத்தி!

ஆடுபுலி ஆட்டம் தெரியாதவங்க இங்கே யாரும் இருக்க மாட்டீங்க. பாறையில கோடு கீறி ஆடின ஆட்டம். கோயில் பிராகாரத்துத் தளக்கல்லில்கூட அந்தக் கட்டத்தைப் பார்க்கலாம். யார் கீறினாங்கன்னு அதுக்கு மட்டும் கல்வெட்டு கிடையாது. (சிரிப்பு) மூணு புலி, பதினஞ்சு ஆடு. புலி ஆட்டை எப்படி வெட்டும்? தாண்டி வெட்டும். தாண்டணும்னா ஆட்டுக்குப் பின்னால இடம் காலியா இருக்கணும். அந்த இடத்துல இன்னொரு ஆடு நின்னா? புலிக்கு வழியில்லை. அந்த ஆட்டுக்குக் கொம்பு பெரிசாகலை, பல்லு முளைக்கலை. பின்னால இன்னொரு ஆடு நிக்குது, அவ்வளவுதான். (நீண்ட கைதட்டல்)

பின்னால ஆடு நிற்காத கதை ஒண்ணு சொல்றேன். உங்க பிள்ளைகள் ஆடுறாங்களே மோனோபோலி, வீடு வாங்கி வாடகை வசூலிக்கிற ஆட்டம். அதுக்கு மூல ஆட்டத்தை உருவாக்கினது ஒரு பெண். எலிசபெத் மேகி. ‘நிலக்கிழார் ஆட்டம்’னு பேர் வச்சு 1904-ல் காப்புரிமை வாங்கினார். நிலத்தை வளைச்சுப் போடுறவன் மத்தவனை எப்படி ஓட்டாண்டி ஆக்குறான்னு காட்டத்தான் அந்த ஆட்டமே. முப்பது வருஷம் கழிச்சு, சார்லஸ் டாரோங்கிறவர் அந்த வகை ஆட்டத்தைத் தன்னுடையதுன்னு பார்க்கர் பிரதர்ஸுக்கு விற்றார். கம்பெனி 1935-ல் மேகியின் காப்புரிமையை வாங்கிக்கிட்டது. எவ்வளவுக்கு? 500 டாலர். விற்கிற பெட்டிக்கு இத்தனைன்னு பங்கு கிடையாது. டாரோ கோடீஸ்வரர் ஆனார். பெட்டியில் அந்தப் பெண்ணின் பேரே இல்லை. நிலத்தை வளைக்கிறவனைக் காட்ட ஆட்டம் செய்தாங்க, ஆட்டத்தையே வளைச்சுட்டாங்க. தனி ஆடு நடுவர் அவர்களே!

இப்ப ஜெர்மனிக்கு வாங்க. 1988, நியூரம்பெர்க் நகரத்துப் பொம்மைக் கண்காட்சி. விளையாட்டு உருவாக்குகிற ஆசிரியர்கள் பதிமூணு பேர் ஒரு மேஜையைச் சுத்தி உட்கார்ந்திருக்காங்க. ஒருத்தருக்கொருத்தர் போட்டியாளர்கள்! இவர் ஆட்டம் விற்றா அவர் ஆட்டம் தங்கும். பீர் கோப்பைக்கு அடியில் வைக்கிற வட்ட அட்டை இருக்குமே, அதை எடுத்து எழுதினாங்க. “பெட்டியின் மேல் எங்கள் பேர் போடாத கம்பெனிக்கு எங்களில் ஒருத்தரும் ஆட்டம் தரமாட்டோம்” என்பது அதன் பொருள். பதிமூணு பேரும் கையெழுத்துப் போட்டாங்க. வக்கீல் இல்லை, முத்திரைத்தாள் இல்லை, பீர் அட்டை! (சிரிப்பு) அப்புறம் அது வழக்கமாகிப் போச்சு. புத்தகத்துக்கு ஆசிரியர் பேர் இருக்கிற மாதிரி இன்னைக்கு விளையாட்டுப் பெட்டியிலும் பேர் இருக்கு. மேகியம்மா தனியா நின்னு இழந்ததைப் பதிமூணு போட்டிக்காரர்கள் சேர்ந்து நின்னு வாங்கினாங்க.

“அதெல்லாம் பேர், புகழ். சம்பளத்துக்கு என்ன?”ன்னு எதிரணி அண்ணன் அங்கிருந்தே கையை ஆட்டுறார். சம்பளத்துக்கே வர்றேன் அண்ணே.

அமெரிக்காவில் பைசோன்னு ஒரு விளையாட்டுப் பதிப்பகம். ‘பாத்ஃபைண்டர்’ங்கிற கதை ஆட்டத்தை வெளியிடுறவங்க. அங்கே 2021-ல் சம்பளம் போதலை, நடத்துகிற விதம் சரியில்லைன்னு குறை கிளம்பினது. அக்டோபர் 14-ஆம் தேதி ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைச்சிருக்கோம்னு அறிவிச்சாங்க. அமெரிக்க விளையாட்டுப் பதிப்பகத்தில் அதுதான் முதல் சங்கம்னு சொல்றாங்க. யார் கை கொடுத்தாங்க தெரியுமா? அந்தக் கம்பெனிக்கு வெளியிலிருந்து பக்கத்துக்கு இவ்வளவுன்னு எழுதிக் கொடுக்கிறவர்கள் இருக்காங்க. ஃப்ரீலான்ஸ்னு சொல்வாங்க. மாசச் சம்பளம் இல்லை, சங்கத்திலும் சேர முடியாது. எழுதினாத்தான் காசு. அவர்களில் நாற்பது பேர் அளவில் “சங்கத்தை ஏற்றுக்கொள்கிற வரை எழுத மாட்டோம்”னு பேனாவைக் கீழே வச்சாங்க. தங்களுக்கு அதில் ஒரு பைசா லாபமில்லை! அந்த ஆட்டத்தை ஆடுகிற வீட்டுக்காரர்களும் ஊழியர் பக்கம் பேசினாங்க. ஒரே வாரம். 21-ஆம் தேதி நிர்வாகம் சங்கத்தை ஏற்றுக்கொண்டது.

நல்லா கவனிங்க. சம்பளத்துக்காகத்தான் அந்தப் போராட்டம். ஒத்துக்கறேன். ஆனா சம்பளம் போராடலை அண்ணே! மனுஷன் மனுஷனுக்காக நின்னான். உங்க சம்பளத்தை எங்க ஆள்தான் வாங்கிக் கொடுத்தான்! (பலத்த கைதட்டல்)

நடுவர் மணியில கையை வைக்கிறார். ஒரே நிமிஷம் ஐயா. வேனில் தூங்கினாங்களே, அந்த லண்டன்காரர்களோட கம்பெனி. ஆரம்பிச்ச ரெண்டு பேரும் எப்பவோ விலகிட்டாங்க, தலைமையகம் இப்ப நாட்டிங்காமில் இருக்கு, ராட்சசன் மாதிரி வளர்ந்திருக்கு. 2024-25 நிதியாண்டில் லாபத்திலிருந்து 2 கோடி பவுண்டு எடுத்து ஊழியர்களுக்குப் பங்கு போட்டாங்க. எப்படி? பதவிக்குத் தகுந்த மாதிரி இல்லை. தலைக்குச் சமமா. கடையில நின்னு பொம்மைக்கு வர்ணம் பூசக் கத்துக் கொடுக்கிறவருக்கும், மேலே குளிர்சாதன அறையில இருக்கிறவருக்கும் ஒரே தொகை.

“பாத்தீங்களா, பணம்தான் பேசுது!”ன்னு எதிரணியில கை ஓங்குது. ஓங்கட்டும். பணமே பணத்தைப் பங்கு போட்டிருந்தா பெரிய நாற்காலிக்குப் பெரிய பங்குதான் போயிருக்கும். ‘ஆளுக்கு ஒரே அளவு’ன்னு பந்தியில இலை போட்ட மாதிரி பங்கு வச்சது யாருன்னு அண்ணன் எழுந்து பதில் சொல்லட்டும்.

மணி அடிச்சாச்சு. உட்கார்றேன். (கைதட்டல்)