தாழ்ப்பாளும் தோள்பட்டையும்



திண்டுக்கல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பூட்டு ஞாபகம் வரும், பிரியாணி ஞாபகம் வரும். துப்பாக்கி ஞாபகம் வராது. ஆனால் 1755-இல், பின்னாளில் மைசூரை ஆண்ட ஐதர் அலி நம் ஊருக்கு பௌஜ்தாராக, அதாவது படைத் தலைவராக, வந்தபோது, பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு இங்கே ஓர் ஆயுதச் சாலையை ஏற்படுத்தினார். இரும்பை அராவிப் பொருத்துகிற வேலைக்கும் இந்த ஊருக்கும் அவ்வளவு நாள் பழக்கம். மலைக்கோட்டையைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும்.

இன்றைக்கு நான் பேச வந்தது ஒரு பழைய வேட்டைத் துப்பாக்கியைப் பற்றி. அதைத் தனக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ள ஆசைப்பட்ட ஒருவரைப் பற்றி. அவர் என் பெரியப்பா மகன்.

பெரியப்பாவுக்கு அய்யம்பாளையம் பக்கம் தென்னந்தோப்பு. கீழ்ப்பழனி மலையடிவாரம், காட்டுப்பன்றி இறங்குகிற இடம். உரிமத்தோடு ஒரு .315 ரைஃபிள் வைத்திருந்தார். அவர் காலமான பிறகு, வாரிசு என்ற முறையில் அண்ணன் பெயருக்கு உரிமம் மாறி வந்தது. துப்பாக்கி கைக்கு வந்தபோது அதன் அடிக்கட்டை, இரும்போடு சேருகிற இடத்தில் விரிசல் விட்டிருந்தது.

இந்த .315 எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர் காலத்தில் பட்டாளம் பயன்படுத்திய தோட்டா .303. அதே தோட்டா பொதுஜனங்கள் கையிலும் புழங்கினால், பட்டாளத்துக் கிடங்கிலிருந்து களவு போகிற தோட்டா யாருக்கும் பயன்பட்டுவிடும் என்று அரசாங்கம் பயந்தது. அதனால் .303 துப்பாக்கி பொதுமக்களுக்குக் கூடாது என்றார்கள். அதற்கு மாற்றாக, ஆஸ்திரியப் படையின் மான்லிச்சர் தோட்டாவை எடுத்து, பட்டாளத்து லீ வகைத் துப்பாக்கியின் இயக்கத்திலேயே வேட்டைக்காரர்களுக்கென்று ஒரு ரைஃபிள் செய்தார்கள். பிற்பாடு மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையிலும் அது தயாரானது. நம் கிராமங்களில் உரிமத்தோடு இருக்கும் பழைய ரைஃபிள்களில் இதைத்தான் அதிகம் பார்க்கலாம்.

அதன் இயக்கத்தைப் பூட்டு ஊர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. அது ஒரு தாழ்ப்பாள். கைப்பிடியைப் பிடித்து முன்னே தள்ளினால் தோட்டா குழலுக்குள் போய் உட்காரும். கைப்பிடியைக் கீழே மடக்கினால் தாழ்ப்பாளின் பக்கத்துக் காதுகள் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். சுட்ட பிறகு தூக்கி இழுத்தால் காலித் தோட்டா வெளியே துள்ளி விழும். ஜெர்மனியின் மௌசர் 1898-இல் செய்த துப்பாக்கியில் அந்தக் காதுகள் முன்பக்கம், தோட்டாவை ஒட்டி இருக்கும். லீ வகையில் பின்பக்கம். வெடிக்கும்போது பின்னோக்கி எழுகிற அழுத்தம் முழுவதையும் தாங்குவது அந்தச் சின்னக் காதுகள்தான். மாம்பழம் போல வளைந்த மாங்காய்ப் பூட்டுக்கு உள்ளே லீவர் மயிரிழை பிசகினால் பூட்டு திறக்காது. இங்கே பிசகினால் முகம் போய்விடும்.

அண்ணனின் ஆசைப் பட்டியல் பெரியது. குழலைக் கொஞ்சம் வெட்டிக் குறைக்க வேண்டும். தொலைநோக்கி பொருத்த மேலே துளை போட வேண்டும். தொலைநோக்கியில் இடிக்காதபடி கைப்பிடியைக் காய்ச்சி வளைக்க வேண்டும். பழைய இரும்பைத் தேய்த்துப் பளபளவென்று கருநீல முலாம் ஏற்ற வேண்டும். பட்டியலோடு மதுரையில் உரிமம் பெற்ற ஒரு கடைக்குப் போனோம். அங்கே வேலை பார்த்த பெரியவர் சின்ன வயதில் நம் ஊர் நாகல் நகரில் பூட்டு அராவியவர். அவர் அண்ணனின் பட்டியலைக் கேட்டுவிட்டு ஒவ்வொன்றுக்கும், "வேணாம் தம்பி" என்றார்.

குழலை வெட்டக் கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, அதற்கென்று உரிமம் இல்லாமல் குழலைக் குறைப்பதைத் தடுக்கிறது. பளபளப்பாகத் தேய்ப்பதிலும் ஆபத்து இருக்கிறது. இரும்பில் குத்தியிருக்கும் எண்ணும் முத்திரையும் தேய்ந்து போனால் 8-ஆவது பிரிவின்படி அதுவும் குற்றம். கைப்பிடியைக் காய்ச்சினால், பதம் போட்ட இரும்பின் பதம் கெட்டுவிடக்கூடும். மேலே துளை போட்டால் அது போட்டதுதான், மூட முடியாது. "இரும்பைக் கெடுத்தா திரும்ப வராது. கட்டையை வேணா செய்வோம், அது உங்களுக்கு ஆகும்" என்றார். அண்ணனுக்கு முகம் வாடிவிட்டது. எனக்கு அன்றைக்கே தோன்றியது, இந்த மனிதர் சொல்வதுதான் முழு வித்தை என்று. இப்போதும் அப்படியே நினைக்கிறேன்.

துப்பாக்கியைத் தனக்கு ஏற்றதாக்குவது பெரும்பாலும் மர வேலைதான். சட்டையை அளவெடுத்துத் தைப்பது போல, கட்டையையும் ஆளுக்கு அளவெடுக்க வேண்டும். பெரியவர் அண்ணனின் முழங்கையை மடக்கச் சொல்லி, அடிக்கட்டையை அந்த மடிப்பில் வைத்து, ஆள்காட்டி விரல் விசையைத் தொடுகிறதா என்று பார்த்தார். விரல் எட்டவில்லை. பெரியப்பா ஆறடிக்குக் குறையாதவர், அண்ணன் குட்டை. பட்டாளமே இதைப் புரிந்துவைத்திருந்தது. லீ-என்ஃபீல்டு துப்பாக்கிக்கு அடிக்கட்டையை ஒரே அளவில் செய்யவில்லை. நெட்டை, நடுத்தரம், குட்டை, அதைவிடக் குட்டை என்று அளவு வாரியாகச் செய்து, கட்டையில் எழுத்து குத்தி அனுப்பினார்கள். பிறகு பெரியவர் அண்ணனைக் கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்க்கச் சொன்னார். கண்ணைத் திறக்கும்போது முன் குறிமுள்ளும் பின் குறிமுள்ளும் தாமாக ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அண்ணன் கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தது.

புதுக் கட்டைக்கு அக்ரூட் மரம் எடுத்தார். ஈட்டி மரத்தில் செய்யலாமே, நம் மலையிலேயே வளர்கிற மரம்தானே என்று கேட்டேன். ஈட்டி பார்க்க அழகு, ஆனால் கனம், நாள் முழுக்கத் தூக்க முடியாது என்றார். அக்ரூட்டை நன்றாக உலரவைத்தால் அவ்வளவாக முறுக்காது, அதிர்ச்சியைத் தாங்கும், எண்ணெயையும் குடிக்கும்.

அடுத்து அவர் செய்ததைத்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். .315-க்கு அடிக்கட்டை தனி, முன்கட்டை தனி. அடிக்கட்டையின் நுனி ஓர் இரும்புக் குழிக்குள் இறங்கும். பின்னாலிருந்து ஒரு நீள போல்ட் அதை இறுக்கிப் பிடிக்கும். நுனி குழிக்குள் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல உட்கார வேண்டும். ஒரு பக்கம் மட்டும் முட்டினால், சுடும்போது வருகிற உதை முழுவதும் அந்த இடத்தில் விழுந்து மரம் பிளக்கும். பழைய கட்டை விரிந்ததும் அப்படித்தான். பெரியவர் ஓர் அகல் விளக்கைக் கொளுத்தி, அந்தப் புகைக்கரியை எண்ணெயில் குழைத்துக் குழியின் உள்பக்கம் மெல்லிசாகத் தடவினார். மரத்தை இறக்கி, மரச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டி வெளியே எடுத்தார். முட்டுகிற இடத்தில் மட்டும் கரி ஒட்டியிருந்தது. அதை உளி நுனியால் சீவினார், சீவல் வெங்காயச் சருகு போல விழுந்தது. மறுபடி கரி, மறுபடி தட்டு, மறுபடி சீவல். நான் முப்பது வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தபோது நுனி முழுக்க ஒரே சீராகக் கருத்திருந்தது. பெரியவர் அதைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

மேற்பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய். உள்ளங்கையால் சூடு வரும்வரை தேய்த்து, காயவிட்டு, அடுத்த நாள் மறுபடி. இரண்டு வாரம் ஆனது.

உலகத்தில் பெயர்பெற்ற வேட்டைத் துப்பாக்கிகளும் இப்படிப் பிறந்தவைதான். வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் சம்பாவத்தில் ஆட்கொல்லிப் பெண்புலியைச் சுட்டதற்காக, ஐக்கிய மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் ஜான் ஹியூவெட் 1907-இல் அவருக்கு ஒரு .275 ரிக்பி ரைஃபிளைக் கொடுத்தார். அதன் தாழ்ப்பாள் ஜெர்மனியின் மௌசர். மற்றதைப் பொருத்தி முடித்தது லண்டனின் ரிக்பி. கட்டையில் பதித்த வெள்ளித் தகடுதான் அதில் இருந்த ஒரே ஆடம்பரம். 2015-இல் அந்தத் துப்பாக்கியை ரிக்பி நிறுவனமே வாங்கிக்கொண்டது. மறு ஆண்டு அதை இந்தியாவுக்கும் கொண்டுவந்து காட்டினார்கள். காட்டில் உழைத்த கீறல்களோடு அது அப்படியே இருப்பதுதான் அதன் மதிப்பு.

வேட்டைக் காலம் முடிந்துவிட்டது, முடிந்தது நல்லதே. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கொடைக்கானல் காடுகள் 2013-இல் சரணாலயம் ஆயின. பன்றி மக்காச்சோளத்தை உழுதுவிட்டுப் போகிற விவசாயியின் வேதனை எனக்கும் தெரியும். ஆனாலும் அதற்காக நாமாகத் துப்பாக்கியைத் தூக்க முடியாது, அது வனத்துறையின் வேலை. அண்ணனும் புதுக் கட்டையோடு ஒரு சுடுதளத்தில் அட்டையைத்தான் சுட்டார். முதல் தோட்டாவுக்கே, "உதை தெரியலையேடா" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். பெரியப்பா தோளில் கன்றிப்போன தழும்போடு திரிந்தது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு தொலைநோக்கிப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். போன தேர்தலுக்கு நானும் அண்ணனோடு போனேன். எழுத்தர் துப்பாக்கியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, இரும்புக் குழியின் பக்கவாட்டில் இருந்த எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தார். அண்ணன் உரிமப் புத்தகத்தில் விரல் வைத்துக் கூடவே படித்துக்கொண்டு வந்தார். ஓர் எழுத்துகூட மங்கியிருக்கவில்லை. எழுத்தர் பதிவேட்டில் குறித்துக்கொண்டு, கட்டையை ஒருமுறை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"கட்டை மட்டும் புதுசா?" என்றார்.

"ஆமாங்க, என் அளவுக்குச் செஞ்சது" என்றார் அண்ணன்.