இரண்டாவது திறப்பு

வங்கிகளின் பெரும் பெட்டகங்களுக்கு இரு திறப்புக்கள் இருப்பது பழைய வழக்கம். ஒன்று முகாமையாளரிடமும் மற்றையது காசாளரிடமும் இருக்கும். இருவரும் ஒருங்கே வந்தாலன்றிக் கதவு திறவாது. ஆட்கள் மீது கொண்ட ஐயத்தினால் மட்டும் எழுந்த ஏற்பாடன்று இது. ஒரு திறப்புக் களவு போனாலும் பொருள் களவு போகலாகாது என்ற முன்யோசனையும் இதில் அடங்கும்.

இன்று சாதாரண குடும்பத்தின் பெட்டகம் கைத்தொலைபேசிக்குள் புகுந்துவிட்டது. ஓய்வூதியம் வந்துசேரும் வங்கிக் கணக்கும், கடல் கடந்து வாழும் பிள்ளைகளின் கடிதங்கள் கிடக்கும் மின்னஞ்சலும், பேரப்பிள்ளைகளின் படங்களும் கடவுச்சொல் என்னும் ஒற்றைத் திறப்பின் காவலில் இருக்கின்றன. அக்கடவுச்சொல்லோ பெரும்பாலும் மூத்த பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டுமாய் இருக்கும். அதையே ஐந்தாறு இடங்களில் வழங்குவோரும் பலர். ஓரிடத்தில் அது வெளிப்பட்டால் எல்லா வாயில்களும் திறந்துவிடும்.

கடவுச்சொல் களவு போவது புதுமையன்று. 1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில், ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்த வேண்டி வந்தபோது ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் வழங்கப்பட்டது. 1962இல் அங்கிருந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர், தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாமையால், எல்லாருடைய கடவுச்சொற்களையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டார். காவல் பிறந்த சில காலத்திலேயே களவும் பிறந்துவிட்டது எனலாம்.

ஆகவேதான் இரண்டாவது திறப்பு வேண்டியதாயிற்று. முதலாவது, மனத்தில் உள்ள சொல். இரண்டாவது, கையில் உள்ள பொருள். வங்கியிலிருந்து குறுஞ்செய்தியாக வரும் இலக்கத்தைப் பலரும் அறிவர். அஃது இல்லாமையினும் நன்று. ஆனால் அதற்கு இரு குறைகள் உண்டு. பிள்ளையைப் பார்க்க ரொறன்ரோவுக்குச் சென்றவரின் இலங்கைச் சிம் அட்டை அங்கே இயங்காவிடின் செய்தி வந்து சேராது. அன்றியும், வஞ்சகர் தொலைபேசி நிறுவனத்தை ஏமாற்றிப் பிறருடைய இலக்கத்தைத் தம் கைக்கு மாற்றிக்கொள்வதுண்டு. 2019 ஆகஸ்டில் ருவிற்றர் நிறுவனத்தின் தலைவராயிருந்த ஜக் டோர்சியின் இலக்கமே இவ்வாறு பறிபோய், அவருடைய சொந்தக் கணக்கில் வேண்டாத செய்திகள் வெளிவந்தன.

இக்குறைகள் இரண்டுக்கும் ஆட்படாதது, தொலைபேசியில் நிறுவப்படும் உறுதிப்பாட்டுச் செயலி. கூகிள் ஒதென்டிகேற்றர், மைக்ரோசொவ்ற் ஒதென்டிகேற்றர் என்பன பரவலாக வழங்குவன. கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் இருபடி உறுதிப்பாட்டைத் தெரிவு செய்தால், திரையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாலான சதுரம் ஒன்று தோன்றும். 1994இல் ஜப்பானில் மோட்டார் வாகன உதிரிப் பாகங்களை அடையாளங்காண ஆக்கப்பட்ட கியூஆர் குறியே அது. அதனுள் ஓர் இரகசிய எழுத்துத் தொடர் பொதிந்திருக்கும். தொலைபேசியின் கமரா அதனைப் படித்துச் செயலியுள் வைத்துக்கொள்ளும். அதன்பின் செயலி காட்டும் ஆறிலக்க எண்ணை ஒருமுறை பதிந்துவிட்டால் அமைப்பு நிறைவுறும்.

அந்த எண் எங்கிருந்து வருகின்றது? எங்கிருந்தும் வருவதில்லை என்பதே விடை. ஒரே வாய்பாட்டை மனனஞ்செய்த இரு மாணவர், வெவ்வேறு அறையில் இருந்தாலும், ஒரே கணக்குக்கு ஒரே விடையையே எழுதுவர். அவ்வாறே தொலைபேசியும் நிறுவனத்தின் கணினியும் ஒரே இரகசியத்தை வைத்திருக்கின்றன. இரண்டும் மணிக்கூட்டைப் பார்க்கின்றன. 1970 ஜனவரி முதலாந் திகதி தொடக்கம் கழிந்த வினாடிகளை முப்பது முப்பதாகப் பகுத்து, அந்த எண்ணிக்கையை இரகசியத்தோடு சேர்த்துக் கணித்து, ஆறு இலக்கங்களைப் பெறுகின்றன. முறை 2011இல் பகிரங்கமாக வெளியிடப்பட்டது. முறையை எவரும் அறியலாம். இரகசியத்தை அறியாதவருக்கு அதனாற் பயனில்லை. தொலைபேசிக்கு இணைப்பு அறவே இல்லாதபோதும் எண் மாறிக்கொண்டேயிருக்கும். ஒன்று மாத்திரம் வேண்டும்: தொலைபேசியின் நேரம் சரியாயிருத்தல். சில நிமிடங்கள் பிந்திய தொலைபேசியை வைத்துக்கொண்டு கணக்கைக் குறைகூறுவோர் பலர்.

எண்ணின் ஆயுள் அரை நிமிடமளவே. திருடர் இதை நன்கறிவர். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, உங்கள் பணம் இக்கணமே பறிபோகின்றது என்று பதறவைத்து, திரையில் உள்ள இலக்கத்தைச் சொல்லுமாறு கேட்பர். அவசரம் அவர்களுடையது. தன் எண் யார் காதில் விழுகின்றது என்பதைச் செயலி அறியாது. உண்மையான வங்கி உத்தியோகத்தர் எவரும் அதனைக் கேட்பதில்லை.

கள்வரால் வருவதைவிடக் கவலையீனத்தால் வரும் இழப்பையே இங்கு விரித்துரைக்க வேண்டும். பருத்தித்துறையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கின்றார் என்று கொள்ளலாம். தண்ணீர் அள்ளும்போது அவருடைய தொலைபேசி கிணற்றுள் விழுந்துவிடுகின்றது. புதிய தொலைபேசி வாங்குகின்றார், பழைய இலக்கத்தையே மீண்டும் பெறுகின்றார், செயலியையும் நிறுவுகின்றார். செயலி வெறுமையாய்க் கிடக்கின்றது. இலக்கம் திரும்பி வந்தால் எல்லாம் திரும்பி வரும் என அவர் நம்பியிருந்தார். இரகசியமோ இலக்கத்தில் இருக்கவில்லை. கிணற்றில் விழுந்த கருவியில் இருந்தது. 2023 தொடக்கம் கூகிளின் செயலி விரும்புவோருக்கு இரகசியங்களின் பிரதியைக் கூகிள் கணக்கிலேயே வைக்க இடமளிக்கின்றது. ஆயின் திறக்க முடியாதிருப்பது அந்தக் கணக்கே எனின், பெட்டியின் திறப்பைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்.

இந்நிலைக்கு மருந்து, அமைக்கும் நாளிலேயே கையில் தரப்படுகின்றது. பெரும்பாலார் அதனைப் படியாது கடந்துவிடுகின்றனர். மாற்றுக் குறியெண்கள் என்பன அவை. கூகிள் கணக்குக்கு எட்டிலக்க எண்கள் பத்து வழங்கப்படும். ஒவ்வொன்றும் ஒரு முறைக்கே செல்லும். அவற்றைத் தொலைபேசியிலேயே படம் பிடித்து வைப்பது வீண். தொலைபேசியோடு அவையும் போகும். தாளில் எழுதிக் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இருக்கும் பெட்டியில் வைப்பதே தகும். இன்னொரு வழியும் உண்டு. சதுரம் திரையில் இருக்கும்போதே மனைவியின் அல்லது மகளின் தொலைபேசியாலும் அதனைப் படித்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும்.

பருத்தித்துறை ஆசிரியரின் மனைவி அன்று அந்தத் தாளை எழுதி வைத்திருந்தாராயின், மிச்சம் இலகுவானது. கடவுச்சொல்லை இட்டு, பத்தில் ஒன்றைப் பதிந்து, கணக்கினுள் புகலாம். பழைய தொலைபேசியை நீக்கி, புதிய சதுரத்தைப் புதிய தொலைபேசியாற் படித்து, செலவான எண்ணைப் பேனையாற் கீறிவிட்டு, தாளை மீண்டும் உறுதிப் பெட்டியுள் வைத்துவிடலாம்.