தாய்மாமன் முறையும் திருமணச் சட்டமும்



அக்காள் மகளைத் தாய்மாமன் மணக்கலாமா, பதிவிலாகா அதனை ஏற்குமா என்ற ஐயம் தோட்டப்புறங்களில் எழுவதுண்டு. கங்காணிமார் தத்தம் ஊராரையும் உறவினரையும் திரட்டி வந்து நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்திய காலந்தொட்டு, முறைமாப்பிள்ளையும் முறைப்பெண்ணும் ஒரே லயத்தில் வளர்வது இயல்பாயிருந்தது.

1976ஆம் ஆண்டுச் சட்டச் சீர்திருத்த (திருமணம், மணவிலக்கு) சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பெற்றோர், பிள்ளைகள், பாட்டன் பாட்டி, பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தார், பெற்றோருடன் பிறந்தார், உடன்பிறந்தாரின் மக்கள் ஆகியோரை மணப்பதை அதன் 11ஆம் பிரிவு தடுக்கிறது. ஆயினும் இந்து ஒருவர் இந்து வழக்கப்படி தம் சகோதரியின் மகளை மணப்பதற்கு அதே பிரிவு விலக்களித்துள்ளது. அண்ணன் மகளுக்கு இவ்விலக்கு இல்லை; வழக்கத்திலும் அவள் மகளே அல்லவா?

மாமன் மகள், அத்தை மகள் பற்றிச் சட்டம் பேசவே இல்லை. வியப்பு யாதெனில், சித்தப்பா மகளைப் பற்றியும் அது பேசவில்லை! சட்டம் தடுக்காத அவ்வுறவை, உடன்பிறப்பு என்று சொல்லித் தடுப்பது வழக்கமே. இம்மாநிலத்தில் 'அடாட் பெர்பாத்தே' வழி நடக்கும் மலாய்க்காரரும் தாய்வழிக் குலமாகிய ஒரே 'சுக்கு'வுக்குள் மணவுறவு கொள்வதில்லை. பங்காளிக்குள் பெண்ணெடுக்காத தமிழருக்கு இது எளிதில் விளங்கும்.

ஆனால் முறை என்பது அனுமதியே தவிர உரிமையன்று. தொட்டிலிலேயே பேசி முடித்த சம்பந்தமாயினும், மணமக்கள் இருவரும் மனமொப்பிச் சம்மதித்தனர் என்று பதிவாளர் நிறைவுற்றாலன்றித் திருமணத்தை நடத்தலாகாது. தாய்மாமன் உரிமை பேசிப் பெண்ணின் கண்ணீரை மறைக்கும் பெரியவர்கள் இதனைக் கருதுதல் வேண்டும். பொது விதிப்படி இருவருக்கும் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 21 வயதுக்குட்பட்டோர்க்குத் தந்தையின் எழுத்துமூலச் சம்மதமும் தேவை.

உடல்நலமும் எண்ணத்தக்கது. தாய்மாமனும் மருமகளும் மரபணுக்களில் ஏறத்தாழ கால்பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள். மாமன் அத்தை மக்களுக்கு அது எட்டில் ஒரு பங்கு. இருவருமே தலசேமியா மரபணுவைத் தாங்கியவராயின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அந்நோய் வர நான்கில் ஒரு வாய்ப்புண்டு. நிச்சயதார்த்தத்திற்கு முன்பே இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை.

ஆலயத்தில் தாலி கட்டினால் போதும் என்றிருப்போரும் உளர். துணைப் பதிவாளராக நியமனம் பெற்ற குருக்கள் இருப்பின் ஆலயத்திலேயே சட்டப்படி மணமுடிக்கலாம். இல்லையேல் பதிவிலாகா செல்லுதல் வேண்டும். எவ்வாறாயினும் மணமக்கள் முன்கூட்டியே பதிவாளரிடம் அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். அதற்குரிய 21 நாள்களையும் கணக்கிட்ட பின்னரே முகூர்த்த நாள் குறித்துப் பத்திரிகை அச்சிடுவது நலம்.